லினக்ஸோடு ஒத்துப்போகும் பாட்டு பிளேயர் எது? கடலூர், புதுச்சேரி நண்பர்கள் சொல்லுங்கள்

பதிவு 1 · கெடிலக்கரை · சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் இருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அரியாங்குப்பத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் அதற்கு மேலும் ஆகும். பாட்டு கேட்க எனக்குக் கிடைப்பது இந்த நேரம்தான். ஃபோனில் போட்டால் ஆலாபனை நடுவில் ஆபீஸ் குரூப் டிங் டிங் என்கிறது. சத்தத்தை அணைத்து வைத்தாலும் கை சும்மா இருப்பதில்லை, எடுத்துப் பார்த்துவிடுகிறேன். அதனால் பாட்டுக்கென்றே தனியாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால் வீட்டில் விண்டோஸ் கிடையாது. லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப் ஒன்றுதான். அலமாரியில் கிடந்த பழைய பிளேயரைச் செருகிப் பார்த்தேன். பெயர் தெரிகிறது, உள்ளே போனால் காலி. பாட்டை இழுத்துப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. கடையில் கேட்டால் "சார், அதுக்கு கம்பெனி சாஃப்ட்வேர் வேணும், விண்டோஸில்தான் ஓடும்" என்கிறார்கள்.

தேவை இரண்டு. ஒன்று எனக்கு. இன்னொன்று அப்பாவுக்கு. அவருக்கு வயது 76, கண் மங்கல், பதிகங்களும் நாதஸ்வரமும் தவிர வேறு எதுவும் கேட்க மாட்டார். இரண்டும் சேர்ந்து பத்தாயிரத்துக்குள் முடிய வேண்டும். சிடிகளில் இருந்து நானே எடுத்த, ஒலித் தரம் குறையாத ஃபிளாக் கோப்புகள் சுமார் 60 ஜிபி இருக்கின்றன, அதுபோக எம்பி3. எல்லாக் கோப்புக்கும் தமிழில்தான் பெயர் வைத்திருக்கிறேன். என்ன வாங்கலாம்?

பதிவு 2 · டெர்மினல் தம்பி · சனி, இரவு 9.52

மாஸ் ஸ்டோரேஜாக இணையும் எதையும் வாங்கலாம் அண்ணா. எம்டிபி மட்டும்தான் என்றால் வேண்டாம்.

பதிவு 3 · கெடிலக்கரை · சனி, இரவு 9.55

டாக்டர் சீட்டு மாதிரி எழுதினால் எப்படி தம்பி? கொஞ்சம் விளக்கமாக.

பதிவு 4 · டெர்மினல் தம்பி · சனி, இரவு 11.10

மன்னிக்கவும் அண்ணா, ஹாஸ்டல் மெஸ் மூடும் நேரம், ஓடிவிட்டேன்.

மாஸ் ஸ்டோரேஜ் என்றால் பிளேயர் தன் அலமாரிச் சாவியை அப்படியே கம்ப்யூட்டர் கையில் கொடுத்துவிடுகிறது. பென் டிரைவ் மாதிரிதான். சாவி இங்கே இருக்கும் வரை பிளேயர் அந்த அலமாரியைத் தொடாது. கேபிளைச் செருகியதும் பாட்டு நின்று திரையில் யுஎஸ்பி படம் வருகிறதே, அது இதனால்தான். லினக்ஸுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

எம்டிபி என்பது ரேஷன் கடை கவுண்டர். நாம் உள்ளே போக முடியாது. சீட்டு கொடுத்தால் உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார், வாங்கி வைப்பார். ஒரு பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு கோப்புறையைத் திறந்தால் கவுண்டர் திணறிவிடும். கேமராக்களுக்கு இருந்த பிடிபி நெறிமுறையின் மேல் மைக்ரோசாஃப்ட் இதைக் கட்டியது. பிறகு 2008இல் யுஎஸ்பி தர அமைப்பும் ஏற்றுக்கொண்டது. லினக்ஸில் லிப்எம்டிபி என்ற மென்பொருள் நூலகம் இதைக் கையாளுகிறது, ஓடவே ஓடாது என்று சொல்ல மாட்டேன். பத்துப் பாட்டு என்றால் ஓடும். 60 ஜிபி என்றால் பொறுமை போய்விடும். இன்னொன்று, ஆர்சிங்க் என்ற கருவியை வைத்து, மாறிய கோப்பை மட்டும் நகலெடுத்து ஒத்திசைக்கும் பழக்கம் இருந்தால், எம்டிபியில் கோப்பின் தேதி பல நேரம் நிற்காது. ஒவ்வொரு முறையும் எல்லாம் புதுசு என்று நினைத்து முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

அந்தப் பழைய பிளேயரைத் தூக்கிப் போடாதீர்கள். சிலவற்றில் இரண்டு வழியும் உண்டு. சான்டிஸ்க் கிளிப் பிளஸில் யுஎஸ்பி மோட் என்ற இடத்தில் ஆட்டோ, எம்எஸ்சி, எம்டிபி என்று மூன்று இருக்கும். எம்எஸ்சிதான் மாஸ் ஸ்டோரேஜ். உங்களுடையதிலும் அப்படி இருக்கிறதா பாருங்கள்.

பதிவு 5 · கெடிலக்கரை · ஞாயிறு, காலை 7.15

இருந்தது! எம்எஸ்சிக்கு மாற்றியதும் பென் டிரைவ் போலத் திறந்துகொண்டது. இத்தனை வருஷம் விண்டோஸ் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பின்மூடி லேசாக உப்பலாக இருக்கிறது. மேஜையில் வைத்தால் ஆடுகிறது. அப்படித்தான் இருக்குமா?

பதிவு 6 · பழைய வால்வு · ஞாயிறு, காலை 7.31

தம்பி, முதலில் கேபிளைக் கழற்றுங்கள். அது பேட்டரி வீங்கியது. இனி சார்ஜ் போடக் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதுவரை துணி, பேப்பர் பக்கம் வைக்காதீர்கள்.

நான் முதுநகரில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்த்தவன். இப்போது கடை இல்லை, கை மட்டும் இருக்கிறது. மாஸ் ஸ்டோரேஜா எம்டிபியா என்று தலையை உடைத்துக்கொள்வதை விட, மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளேயர் எப்படி இணைந்தால் நமக்கென்ன? கார்டைக் கழற்று, கார்டு ரீடரில் போடு, பாட்டை ஏற்று, திரும்பச் செருகு. பிளேயரின் யுஎஸ்பி ஓட்டையும் தேயாது. சார்ஜ் ஆகும், கம்ப்யூட்டரில் மட்டும் தெரியாது என்று வரும் புகாரில் பாதிக்கு மேல் காரணம் கேபிள். மின்சாரக் கம்பி இரண்டு மட்டும் உள்ளே ஓடும், டேட்டா கம்பியே இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நம் ஊருக்கு இன்னொன்று. உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து கேட்கிறவர்களின் செட்டில் முதலில் போவது இயர்போன் ஓட்டைதான். ஒரு காதில் கரகர என்றால் பிளேயர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்த பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரம் ஆனது. அப்போது என்னிடம் ஒற்றை ஏஏஏ பேட்டரியில் ஓடும் குட்டி பிளேயர் ஒன்று இருந்தது. தெருவில் பாட்டு கேட்டது நான் ஒருத்தன்தான். இப்போது அந்த மாதிரி செய்வதை விட்டுவிட்டார்கள்.

பதிவு 7 · உப்பளம் · ஞாயிறு, காலை 10.05

கெடிலக்கரை சார், கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கோப்புப் பெயர் தமிழில் என்று. உங்கள் உண்மையான தலைவலி அதுதான், எம்டிபி அல்ல.

விலை குறைந்த பிளேயர்களில் தமிழ் எழுத்துருவே இருக்காது. கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது வெறும் கோடு. சிலவற்றில் எழுத்து இருக்கும், அதை இடம் மாற்றி அடுக்கத் தெரியாது. "கொ" என்று நாம் தட்டினால் உள்ளே ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால் என்ற வரிசையில்தான் இருக்கிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது, எழுத்தைத் திரையில் அடுக்கும் மென்பொருளான வரைபொறியின் வேலை. லேப்டாப்பிலும் ஆண்ட்ராய்டிலும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் அதைச் செய்கிறது. குட்டி பிளேயரில் அப்படி ஒன்று கிடையாது. கொம்பு வலப்பக்கம் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கிக்கொண்டு நிற்கும். நான் மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள், அந்தத் திரையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதிவு 8 · டெர்மினல் தம்பி · ஞாயிறு, காலை 10.40

அக்கா சொன்னதோடு இன்னும் இரண்டு.

எம்பி3 உள்ளே பாட்டுப் பெயர், பாடகர் பெயர் எல்லாம் இருக்கும் ஐடி3 குறிப்புகளில் 2.3, 2.4 என்று இரண்டு பதிப்பு புழக்கத்தில் உண்டு. 2.4இல் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதலாம். 2.3இல் தமிழ் வேண்டும் என்றால் யுடிஎஃப்-16தான். பழைய பிளேயர்கள் பல 2.4ஐப் படிக்காது. பாட்டுப் பெயர் வெறுமையாக வந்தால் பிகார்டு என்ற குறிப்புத் திருத்தும் மென்பொருளில் திறந்து 2.3, யுடிஎஃப்-16 என்று சேமித்துப் பாருங்கள். ஃபிளாக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் எப்போதும் யுடிஎஃப்-8தான்.

பதிகத்தின் முதல் அடி, தலம், பண், ஓதுவார் எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே அடைத்து வைக்கிறவர்களுக்கு ஒன்று. நம் லேப்டாப்பின் ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், ஆக மொத்தம் 85 குறி. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. "ஸ்ரீ" ஒன்றே 12 பைட் விழுங்கும்.

பதிவு 9 · சும்மா வாசகர் · ஞாயிறு, பகல் 12.20

இவ்வளவு எதற்கு? வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் சிம்மை எடுத்துவிட்டுப் பாட்டை ஏற்றுங்கள். தமிழ் அழகாகத் தெரியும். விஎல்சி இருக்கிறது. கார்டு போடலாம். செலவு பூஜ்யம்.

பதிவு 10 · கெடிலக்கரை · ஞாயிறு, பகல் 12.34

ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். ஆபீஸ் வைஃபையில் தானாகவே ஒட்டிக்கொண்டு, சிம் இல்லாமலேயே செய்தி வர ஆரம்பித்தது.

பதிவு 11 · பழைய வால்வு · ஞாயிறு, பகல் 1.02

சும்மா வாசகர் சொல்வதைத் தள்ள வேண்டாம். கையில் காசு இல்லாதவர்களுக்கு அதுதான் முதல் வழி. ஆனால் பெரியவருக்கு ஆகாது. கண் தெரியாதவர் கையில் கண்ணாடித் தட்டைக் கொடுத்து எங்கே தொடுவது என்றால் என்ன செய்வார்? அமுக்கினால் அமுங்குகிற பட்டன் வேண்டும், இருட்டிலும் விரலுக்குத் தெரிய வேண்டும்.

பதிவு 12 · நைட் ஷிப்ட் நெய்வேலி · ஞாயிறு, இரவு 8.15

ராக்பாக்ஸ் பற்றி யாருமே பேசவில்லையே! பிளேயரோடு வரும் மென்பொருளைத் தள்ளிவிட்டு அதற்குப் பதிலாகப் போடும் கட்டற்ற மென்பொருள் அது. 2001 கடைசியில் ஆர்ச்சோஸ் பிளேயர்களுக்காகச் சிலர் ஆரம்பித்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. கிளிப் பிளஸ், பழைய ஐபாட் என்று நிறையவற்றில் ஓடும். ஃபிளாக், ஓக், ஓப்பஸ் என்று எல்லா வகைக் கோப்பும் பாடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விழாது. கச்சேரிப் பதிவு கேட்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அரை வினாடி வெட்டு விழுந்தால் எனக்குப் பல் கூசும்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். ஹைபி போன்றவர்களின் சின்ன பிளேயர்களில் உள்ளே ஓடுவதே லினக்ஸ்தான். ஆனாலும் பெட்டியில் "விண்டோஸ், மேக்" என்று மட்டும் அச்சடித்திருப்பார்கள்.

பதிவு 13 · உப்பளம் · ஞாயிறு, இரவு 9.00

ராக்பாக்ஸ் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒன்று, கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் அது ஃபேட்32 மட்டும்தான் படிக்கும், எக்ஸ்ஃபேட் படிக்காது. 32 ஜிபிக்கு மேல் வாங்கும் கார்டு எல்லாம் எக்ஸ்ஃபேட்டில்தான் வரும். அதை லினக்ஸில் ஃபேட்32 ஆக மாற்றிவிடலாம். 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 முடியாது என்று பலரும் நம்புவது விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி வைத்த எல்லையால், ஃபேட்டின் எல்லை அல்ல. ஃபேட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பாட்டுக்கு அது எந்தக் காலத்திலும் வராது.

இரண்டாவது, தமிழ். எழுத்துருவைச் செய்து ஏற்றலாம், கொம்பு மட்டும் இடம் மாறாது. மேலே அழுதேனே, அதேதான்.

ஆனால் அதில் குரல் வசதி உண்டு. மெனுவைப் படித்துச் சொல்லும். ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு பேச்சுத் துணுக்கு வைத்தால், அங்கே போய் நிற்கும்போது அதைச் சொல்லும். என் தம்பிக்குப் பார்வை இல்லை. முதலில் எழுத்தைப் படித்துச் சொல்லும் ஈஸ்பீக் மென்பொருளை வைத்துத் தமிழில் செய்தேன், "யார் இந்த ரோபோ?" என்றான். அப்புறம் என் குரலிலேயே பதிந்து போட்டுக் கொடுத்தேன். நான்கு வருஷமாக அதைத்தான் வைத்திருக்கிறான். நம் பக்கத்துக் கடைகளில் கிளிப் பிளஸ் புதிதாகக் கிடைக்காது. பழையது என்றால் பேட்டரி எப்படி இருக்கிறதோ, அது வாங்குகிறவர் பாடு.

பதிவு 14 · சும்மா வாசகர் · ஞாயிறு, இரவு 9.20

பழைய ஐபாட் கிளாசிக் ஒன்று மாமா வீட்டில் சும்மா இருக்கிறது. ஆகுமா?

பதிவு 15 · நைட் ஷிப்ட் நெய்வேலி · ஞாயிறு, இரவு 9.48

பாட்டைச் சும்மா நகலெடுத்துப் போட்டால் ஐபாட் கண்டுகொள்ளாது. தன் தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தால்தான் பாடும். ரிதம்பாக்ஸ் மாதிரி மென்பொருள்கள் லிப்ஜிபாட் என்ற நூலகம் வழியாக அதை எழுதும். 2007 செப்டம்பரில் இருந்து வந்த மாடல்களில் அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு கையொப்பம் வேறு சேர்த்தார்கள். கிளாசிக் என்றால் அதையும் தாண்டிவிட்டார்கள், பயப்பட வேண்டாம். ராக்பாக்ஸ் போட்டால் இந்தக் கூத்தே இல்லை.

பதிவு 16 · டெர்மினல் தம்பி · ஞாயிறு, இரவு 10.30

எக்ஸ்ஃபேட் பற்றி அக்கா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. லினக்ஸுக்கு இப்போது அது ஒரு பிரச்சினையே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2019இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 2020இல் வந்த 5.7 பதிப்பில் இருந்து ஒழுங்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. பிளேயர் படிக்குமா என்பதுதான் கேள்வி.

அண்ணா, பெட்டியில் எத்தனை ஜிபி கார்டு வரை என்று பாருங்கள். 32 என்று இருந்தால் அப்பாவுக்கு ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, ஆக 500 மணி நேரத்துக்கு மேல் பதிகம் கேட்கலாம். உங்கள் ஃபிளாக்குக்கு 128 ஜிபி வேண்டும். ஃபர்ம்வேர், அதாவது பிளேயரின் உள் மென்பொருள், புதுப்பிக்கும் முறையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கோப்பைக் கார்டில் போட்டால் போதும் என்றால் சரி. விண்டோஸ் புரோகிராம் ஒன்றை ஓட்டச் சொன்னால் யோசியுங்கள்.

பதிவு 17 · நைட் ஷிப்ட் நெய்வேலி · திங்கள், காலை 6.40

கார்டு என்றதும் வயிறு எரிகிறது. போன வருஷம் இணையத்தில் 256 ஜிபி கார்டு ஒன்று பாதி விலைக்கு வாங்கினேன். முதல் 200 பாட்டு தங்கம். அதற்கு மேல் பெயர் எல்லாம் இருக்கிறது, பாடவில்லை. பிளேயரைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் எஃப்3 என்ற லினக்ஸ் கருவியை ஓட்டினேன். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். உள்ளே இருந்தது 16 ஜிபிகூட இல்லை. கார்டின் சிப்பையே பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கார்டு வாங்கினால் முதல் வேலை எஃப்3. ஒரு ராத்திரி ஓடட்டும், பாட்டு அப்புறம்.

பதிவு 18 · உப்பளம் · திங்கள், மாலை 5.30

கார்டு கையில் வந்த பிறகு லினக்ஸ்காரர்கள் மட்டுமே மாட்டிக்கொள்ளும் சில குழிகள் உண்டு.

பாட்டை அழித்தும் இடம் காலியாகவில்லையா? கோப்பு மேலாளரில் அழித்தால், கார்டிலேயே மறைவாக ஒரு குப்பைக் கோப்புறை உருவாகி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாது. பிளேயருக்குத் தெரியும். அழித்த பாட்டை எல்லாம் பாடிக்கொண்டே இருக்கும். பேய் பிடித்துவிட்டது என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி அதைக் காலி செய்தேன். இல்லையென்றால் ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு அழியுங்கள்.

நகல் எடுத்து முடிந்தது என்று திரை சொன்னதும் பிடுங்காதீர்கள். லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் மெதுவாகக் கார்டில் எழுதும். எஜெக்ட் கொடுத்து "இப்போது எடுக்கலாம்" என்று வரும் வரை பொறுங்கள். பிடுங்கினால் கடைசிப் பத்துப் பாட்டு பாதியாக இருக்கும். அடுத்த முறை கார்டு "படிக்க மட்டும்" என்று அடம்பிடிக்கும்.

அப்புறம் வரிசை. இதில் நான் ஒரு வாரம் வீணடித்தேன். 01, 02, 03 என்று அழகாக எண் போட்டு வைத்தாலும் பல மலிவு பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஃபேட் அட்டவணையில் எது முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் பாடும். கச்சேரி மங்களத்தில் ஆரம்பித்து வர்ணத்தில் முடியும்! ஃபேட்சார்ட் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கார்டைச் செருகியபடியே லினக்ஸிடமிருந்து விடுவித்து (அன்மவுன்ட் செய்துவிட்டு) ஓட்டினால் அட்டவணையைப் பெயர் வரிசையில் அடுக்கிவிடும்.

பதிவு 19 · கெடிலக்கரை · புதன், இரவு 10.15

ஐயா, அக்கா, தம்பி எல்லோர் சொன்னதையும் படித்துவிட்டு ஒரு வேலை செய்தேன். பழைய 16 ஜிபி கார்டு ஒன்றை எடுத்து, கடையிலேயே போட்டுப் பார்க்கச் சோதனைக் கார்டாகத் தயார் செய்தேன். அதில் ஒரு எம்பி3க்குக் "கொ கோ கௌ ஸ்ரீ" என்று பெயர். அதே பாட்டு ஐடி3 2.3இல் ஒன்று, 2.4இல் ஒன்று. ஒரு ஃபிளாக், ஒரு ஓக், ஒரு ஓப்பஸ். ஒரே கச்சேரியில் ஒட்டியிருக்கும் இரண்டு துண்டு, இடைவெளி பார்ப்பதற்கு. வேண்டுமென்றே தலைகீழாக எழுதிய 03, 02, 01.

முதலில் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடை. என் கார்டைப் போட மாட்டேன், வைரஸ் வரும் என்றார். அடுத்து ஆபீஸ் முடிந்ததும் நேரு வீதிப் பக்கம் ஒரு கடை. அங்கே இருந்த பையனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. நான்கு பிளேயரை எடுத்து வரிசையாக வைத்து, அவனே ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தான். முதலாளி இரண்டு தடவை வந்து முறைத்துவிட்டுப் போனார்.

நான்கில் ஒன்று ஆண்ட்ராய்டு. தமிழ் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரி இருந்தது, விலை என் பட்ஜெட்டுக்கு இரண்டு மடங்கு. இரண்டில் தமிழ் கட்டம் கட்டமாக வந்தது. நான்காவது எழுத்தைக் காட்டியது, கொம்பு தவறான பக்கத்தில். ஆனால் ஃபிளாக், ஓக், ஓப்பஸ் எல்லாம் பாடியது, துண்டுகள் ஒட்டின, வரிசை சரியாக வந்தது. லேப்டாப்பைத் திறந்து கேபிளைச் செருகினேன், மாஸ் ஸ்டோரேஜ். எக்ஸ்ஃபேட்டும் படிக்கும் என்றான், அவனுடைய ஃபோன் கார்டைப் போட்டுக் காட்டினான். வாங்கிவிட்டேன். பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், கேட்பவர்களுக்குத் தனிச் செய்தியில் சொல்கிறேன்.

கொம்புதான் உறுத்துகிறது.

பதிவு 20 · உப்பளம் · புதன், இரவு 10.50

அதில் ஆல்பம் அட்டைப் படம் தெரிகிறதா? தெரிந்தால் எழுத்தைப் படமாக்கிவிடுங்கள். படம் செய்யும் மென்பொருளான இமேஜ்மேஜிக்கில், எழுத்தை அடுக்கும் பேங்கோ நூலகம் வழியாகத் தமிழில் பாடகர், இராகம், ஆண்டு எழுதி 500க்கு 500 அளவில் ஒரு படம் செய்து ஒவ்வொரு கோப்புறையிலும் வையுங்கள். எழுத்தை அடுக்குவது லேப்டாப், பிளேயர் வெறும் படத்தைத்தான் காட்டுகிறது. ஜேபெக் சாதாரண வகையாக இருக்கட்டும். புரொகிரசிவ் என்றால் பல பிளேயர் காட்டாது.

பதிவு 21 · டெர்மினல் தம்பி · புதன், இரவு 11.05

அக்கா!!! இதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள்?

அண்ணா, லேப்டாப்பில் உள்ள மூலப் பெயர்களைத் தொடவே வேண்டாம். கார்டுக்கு நகல் எடுக்கும்போது மட்டும் எண்ணும் ரோமன் எழுத்தும் கலந்த பெயராக மாற்றி, கூடவே இந்தப் படத்தையும் செய்து போடுகிற மாதிரி பைத்தானில் எழுதித் தருகிறேன். சனிக்கிழமை வரை டைம் கொடுங்கள், வைவா இருக்கிறது. கையால் ஆர்சிங்க் ஓட்டினால் தேதி ஒப்பிடுவதில் ஒரு வினாடி சலுகை கொடுக்கும் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேட் நேரத்தை இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் எழுதும், அதனால் மாறாத கோப்பும் மாறியது போலத் தெரியும்.

பதிவு 22 · பழைய வால்வு · வியாழன், காலை 8.10

பெரியவருக்கு என்ன செய்தீர்கள்?

பதிவு 23 · கெடிலக்கரை · அடுத்த ஞாயிறு, மாலை 6.20

அப்பாவுக்குத் திரையே இல்லாத பிளேயர் ஒன்று. விலை ஆயிரத்துக்குச் சற்று மேல். பெரிய பட்டன் ஐந்து, உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர், 32 ஜிபி வரை கார்டு. திரை இல்லாததால் தமிழ்ப் பிரச்சினையும் இல்லை! கார்டை முதலில் எஃப்3இல் ஓட்டினேன், தேறியது.

எந்தக் கோப்புறையில் இருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் பாக்கி இருந்தது. உப்பளம் அக்கா தம்பிக்குச் செய்ததை இங்கே கொஞ்சம் மாற்றிச் செய்தேன். ராக்பாக்ஸ் இல்லாவிட்டால் என்ன, ஒவ்வொரு கோப்புறையிலும் 000 என்று ஒரு சின்ன எம்பி3. "இது திருவதிகைப் பதிகங்கள், மொத்தம் பன்னிரண்டு" என்று என் குரல். ஃபேட்சார்ட் ஓட்டியதும் 000 முதலில் வந்து நின்றது. கோப்புறை பட்டனை அமுக்கினால் அறிவிப்பு, பிறகு பாட்டு.

முதல் நாள் முழுக்கக் கேட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "பாட்டு எல்லாம் சரி. நடுவில் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டு மாதிரி கத்துகிறானே, அவனை எடுத்துவிட்டு அம்மாவைப் பேசச் சொல்லு" என்றார். அம்மா நேற்று உட்கார்ந்து 41 கோப்புறைக்கும் பேசிக் கொடுத்தார்கள். நாதஸ்வரக் கோப்புறையில் மட்டும் "சத்தத்தைக் கம்மியா வைங்க" என்று சேர்த்துவிட்டார்கள். அதை நான் வெட்டவில்லை.

தம்பியின் பைத்தான் நிரல் ஓடுகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் பிளேயரைப் பார்த்து, "இதில் தமிழ் இவ்வளவு நன்றாக வருமா?" என்று கேட்டார். தவளக்குப்பம் வரும் வரை விளக்கினேன். பாவம், அவர் கன்னியகோயிலிலேயே இறங்க வேண்டியவர்.

பதிவு 24 · நைட் ஷிப்ட் நெய்வேலி · ஞாயிறு, இரவு 7.45

அந்த பிளேயரைக் கேபிளில் மாட்டினால் லேப்டாப்புக்கு சவுண்ட் கார்டாக வேலை செய்யுமா பாருங்கள். யுஎஸ்பி டாக் என்று மெனுவில் இருந்தால் லினக்ஸில் டிரைவர் எதுவும் தேவையில்லை, செருகியதும் ஒலி அமைப்பில் வந்து நிற்கும்.

பதிவு 25 · கெடிலக்கரை · ஞாயிறு, இரவு 8.05

இருக்கிறது! இப்போதுதான் பார்த்தேன். வீட்டில் ஹெட்ஃபோனுக்கு அதுவே போதும்.

சோதனைக் கார்டு வேண்டும் என்று மூன்று பேர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை புதுச்சேரி சண்டே மார்க்கெட்டுக்கு வருகிறேன், லேப்டாப்பும் கார்டு ரீடரும் கையில் இருக்கும். காலி கார்டு கொண்டுவந்தால் நகல் எடுத்துத் தருகிறேன். அங்கேயே புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு எஃப்3 ஓடி முடியும் வரை டீ அவரவர் செலவு.